ஊட்டி, குன்னூர் பக்கம் குடிவருவதற்கு முன்: வீடு, தண்ணீர், குளிர், வண்டி

வேளச்சேரி_வாசி:

ஜூன் மாதம் சென்னையிலிருந்து நீலகிரிக்குக் குடிமாறுகிறோம். நான், கணவர், 70 வயது மாமியார், ஆறாம் வகுப்புப் பையன். வேலை ஊட்டியில். குன்னூரில் வீடு எடுத்துத் தினமும் போய்வரவும் தயார். ஒரு பெட்ரோல் காரும் ஒரு ஸ்கூட்டரும் இருக்கின்றன. எங்கே சுற்றிப் பார்க்கலாம் என்பதெல்லாம் வேண்டாம், அது எங்கும் கிடைக்கிறது. வாடகை வீட்டில் எதைப் பார்க்க வேண்டும், எந்தச் சாமானைக் கொண்டுவரலாம், எதை இங்கேயே விற்றுவிடலாம், முதல் வருடம் எதில் பணம் வீணாகும் என்று அங்கே இருப்பவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கேத்தி_பாலாடா:

புரோக்கர் முதலில் காட்டுவது வியூ. ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு, தேயிலை, மேகம். அதை ரசித்துவிட்டு நேராக வீட்டின் பின்பக்கம் போங்கள்.

இங்கே சரிவை வெட்டித்தான் மனை எடுக்கிறார்கள். சில வீடுகளில் பின்சுவரே மண்ணைத் தாங்கி நிற்கும். அந்தச் சுவர் வழியாக மழைக்காலம் முழுக்க ஈரம் உள்ளே இறங்கும், எந்தப் பெயின்டும் நிற்காது. வீட்டுக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவில் ஆள் நடக்கிற அளவு, அதாவது மூன்று நான்கு அடி இடைவெளியும், அதில் அடைப்பில்லாத வடிகாலும் இருக்க வேண்டும். மண்ணுக்குள் தேங்கும் நீர் வெளியேறுவதற்காகத் தடுப்புச் சுவரில் வரிசையாகத் துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளைகளைப் பூசி அழகுபடுத்தியிருந்தால் தண்ணீர் சுவருக்குப் பின்னால் நின்று அழுத்துகிறது என்று அர்த்தம். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, மேலே நிலத்தில் சரிவுக்குக் குறுக்காக விரிசல் ஓடினாலோ, மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ அந்த வீடு வேண்டாம். பாதி வாடகைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பலர் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்.

அடுத்து வெயில். கிழக்கு பார்த்த சரிவில் காலை 8 மணிக்கு வெயில் சுவரில் விழும். வடக்கு பார்த்த சரிவில் டிசம்பரில் மதியம்வரை நிழல்தான். ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கும் இரண்டு வீடுகளுக்குள் இந்த வித்தியாசத்தைத் தொட்டுப் பார்க்கலாம். சுற்றி உயரமான கற்பூர (யூகலிப்டஸ்) மரங்கள் இருந்தால் வெயிலும் போகும், ஆடி மாதக் காற்றில் மரம் கூரைமேல் விழும் பயமும் இருக்கும்.

மூன்றாவது, ரோட்டிலிருந்து வீட்டுவரை எத்தனை படி என்று எண்ணுங்கள். 60 படி இறங்கிப் போகிற வீடு ஊட்டியிலும் குன்னூரிலும் சாதாரணம். சிலிண்டர், அரிசி மூட்டை, வாஷிங் மெஷின் எல்லாம் ஆள் சுமந்துதான் வர வேண்டும், அதற்குத் தனிக் கூலி. எல்லாவற்றையும்விட முக்கியம், 108 வந்தால் ஸ்ட்ரெச்சரை எந்த வழியாக ஏற்றுவார்கள்? 70 வயதுப் பெரியவர் இருக்கும் வீட்டுக்கு இதுதான் முதல் கேள்வி.

மே மாதம் வந்து வீடு பார்க்காதீர்கள். அப்போது எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும்.

டைகர்ஹில்_குழாயடி:

தண்ணி பத்தி யாரும் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். மழை கொட்டுற ஊர்ல தண்ணிக் கஷ்டமான்னு சமவெளிக்காரங்க சிரிப்பாங்க. மார்ச்லேர்ந்து மே வரைக்கும் வந்து பாருங்க.

ஊட்டி நகராட்சிக்குப் பெரும்பகுதி தண்ணி பார்சன்ஸ் வேலியிலேர்ந்து வருது. மார்லிமந்து, டைகர் ஹில், கோடப்பமந்து மாதிரி சின்ன அணைகளும் இருக்கு. குன்னூருக்கு ரேலியா அணை, அது போக எமரால்டு திட்டம். தினமும் குழாயில வரும்னு நினைக்காதீங்க. பல வார்டுல ஒருநாள் விட்டு ஒருநாள், கோடையில இன்னும் இடைவெளி கூடும். மேட்டுல இருக்கிற வார்டுக்குக் கடைசியாத்தான் பிரஷர் வரும்.

வீட்டுக்காரர்கிட்ட "தண்ணி வருமா"ன்னு கேட்டா வரும்னுதான் சொல்வார். பக்கத்து வீட்டம்மாகிட்ட "போன ஏப்ரல்ல எத்தனை நாளைக்கு ஒருக்கா வந்துச்சு"ன்னு கேளுங்க. நாலு பேருக்கு 2,000 லிட்டர் சேமிப்பு இல்லாத வீட்டை எடுக்காதீங்க. லாரித் தண்ணி வாங்க வேண்டி வந்தா ரோட்டுலேர்ந்து ஹோஸ் எட்டுமான்னும் பாத்துக்கங்க. போர் போட்டுக்கலாம்னு யோசனையே வேணாம். ஆட்சியர் அனுமதி இல்லாம இந்த மாவட்டத்துல ஆழ்துளைக் கிணறு தோண்ட முடியாது.

சிம்ஸ்பார்க்_நடை:

வீடு ஊட்டியிலா குன்னூரிலா என்பதைப் பார்ப்போம். உயரம்தான் முதல் வித்தியாசம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850. இந்த 400 மீட்டரில் இரண்டு மூன்று பாகை வெப்பம் மாறும்.

ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம் மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கம்: கூடலூர், அவலாஞ்சி, அப்பர் பவானி. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. அந்த நாட்களில் ஊட்டியில் வாரக்கணக்கில் சாரலும் காற்றும், துணி காயாது. குன்னூரும் கோத்தகிரியும் அப்போது ஓரளவு தப்பிக்கும். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் கதை திரும்பும். வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் மோதுவதால் குன்னூர், கோத்தகிரி, பர்லியார் பக்கம் கொட்டும், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும். மலை ரயிலையும் அப்போது அடிக்கடி நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே ஊட்டியில் வேலை, குன்னூரில் வீடு என்றால் இரண்டு மழைக்கும் நடுவில் தினமும் போய்வருகிறீர்கள். தூரம் சுமார் 20 கிலோமீட்டர், சாதாரண நாளில் முக்கால் மணி நேரம். ஏப்ரல், மே சீசனில் எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. என் யோசனை: வேலை எந்த ஊரிலோ அந்த ஊரிலேயே வீடு. குன்னூர்தான் வேண்டும் என்றால் வெலிங்டன், அருவங்காடு பக்கம் பாருங்கள், கேத்தியும் நல்லது.

கேத்தி_பாலாடா:

கேத்தி நல்லதுதான், ஆனால் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் மாதிரி தாழ்வான இடங்களில் புல்மேல் வெள்ளையாக உறைபனி படியும், அதே நேரம் நூறு மீட்டர் மேலே உள்ள வீட்டில் இருக்காது. உச்சியில் குடியிருந்தால் காற்று அடிக்கும். நடுச் சரிவு, கிழக்கு அல்லது தெற்கு பார்த்தது, அதுதான் சரி.

வேளச்சேரி_வாசி:

மிக்க நன்றி. பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கவே செய்யாது. வீட்டுக்குள் வந்துவிட்டால் என்ன? சமையல், வெந்நீர், ஹீட்டர், ஃபிரிட்ஜ். எங்களிடம் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் இருக்கிறது. இரண்டு ஏசி, ஒரு சோபா செட், பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள்.

லவ்டேல்_கொதிகலன்:

ஏசி இரண்டையும் சென்னையிலேயே விற்றுவிடுங்கள். இன்ஸ்டன்ட் கீசரையும்.

கணக்கு இதுதான். சென்னையில் குழாய்த் தண்ணீர் 27 பாகை. அதைக் குளிக்கிற 40-க்குக் கொண்டுபோக 13 பாகை ஏற்றினால் போதும். ஊட்டியில் ஜனவரிக் காலையில் தண்ணீர் 10 பாகை, 30 பாகை ஏற்ற வேண்டும். 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் அந்த அளவு ஏற்றினால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகத்தான் கொடுக்கும். ஒரு வாளி நிரம்ப பத்து நிமிடத்துக்கு மேல்.

25 லிட்டர் தொட்டி கீசர் வாங்குங்கள். 2 கிலோவாட் என்றால் 10 பாகையிலிருந்து 60-க்குப் போக முக்கால் மணி நேரம், ஏறக்குறைய ஒன்றரை யூனிட். அந்த 25 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 லிட்டர் குளிக்கிற சூட்டில் கிடைக்கும், இரண்டு பேருக்கு. நான்கு பேர் அடுத்தடுத்துக் குளிக்க வேண்டும் என்றால் 50 லிட்டர். 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த் இரண்டும் இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே பாருங்கள். பழைய பங்களாக்களைப் பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளில் ஒயரிங் மோசம். கீசரும் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் ஃபியூஸ் போகும்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு சேரும், வாசனையே இருக்காது.

சிலிண்டர் பற்றி ஒன்று. சமையல் கேஸில் பியூட்டேன் அதிகம். பியூட்டேன் 0 பாகைக்குப் பக்கத்தில் ஆவியாக மறுக்கும். டிசம்பரில் சிலிண்டர் வெளியே சிமென்ட் தரையில் நின்றால் கடைசிக் கால் பங்கு கேஸ் எரியாமல் தவழும், தீர்ந்துவிட்டது என்று மாற்றிவிடுவீர்கள். மரப்பலகைமேல், காற்றோட்டமான சமையலறைக்குள் வையுங்கள். சிலிண்டரை வெந்நீரில் வைப்பது, பக்கத்தில் நெருப்பு காட்டுவது எதுவும் கூடாது.

அடுப்படி_அம்மிணி:

சமையலுக்கு நான் சொல்றேன் அக்கா. ஊட்டியில தண்ணி 92, 93 பாகையிலயே கொதிச்சிடும். குன்னூர்ல 94. கொதிக்குதேன்னு பாத்தா ஆச்சு, வேகாது. திறந்த பாத்திரத்துல துவரம்பருப்பும் கொண்டக்கடலையும் வேக வைக்கிறது கேஸை வீணாக்குறதுதான். வடிச்ச சாதத்துக்கும் கூட நேரம் வேணும், அரிசியை முக்கால் மணி நேரம் ஊற வச்சா நல்லது.

குக்கர் வேலை செய்யும். ஆனா வெளியே காத்தழுத்தம் குறைவுங்கிறதால உள்ளே 121 பாகை வர்ற இடத்துல 116, 117 தான் வரும். சென்னையில பத்து நிமிஷம்னா இங்க பன்னெண்டு, பதிமூணு. விசில் எண்ணாம நேரம் பாருங்க. கேஸ்கட்டு குளிர்ல விறைச்சுக்கும், ஒண்ணு கூடுதலா வாங்கி வச்சுக்கங்க.

மாவு புளிக்கிறதுதான் எல்லாரும் கேக்குறது. ராத்திரி அரைச்சு காலையில இட்லிங்கிற கணக்கு இங்க இல்ல. 28, 30 பாகை சூடு கிடைச்சாத்தான் பொங்கும். தெர்மகோல் பெட்டிக்குள்ள மாவுப் பாத்திரம், பக்கத்துல மூடி போட்ட வெந்நீர்ப் பாத்திரம், ராத்திரி தூங்கப் போறப்போ ஒருக்கா வெந்நீரை மாத்துங்க. வெந்தயம் ஒரு ஸ்பூன் சேத்து அரைங்க. உப்பைப் பொங்கினதுக்கு அப்புறம் போடுங்க, முதல்லயே போட்டா இன்னும் மெதுவாகும். தயிருக்குப் பால் கொஞ்சம் கூடுதல் சூட்டுல இருக்கும்போது உறை ஊத்தி ஹாட் பாக்ஸ்ல மூடிடுங்க.

தேங்காயெண்ணெயை அகல வாய் பாட்டில்ல வைங்க. வருஷத்துல பாதி நாள் கட்டிதான்.

ஃபிரிட்ஜ் ஒண்ணு சொல்லணும். சமையலறை 8, 9 பாகைக்குப் போனா ஒத்தை தெர்மோஸ்டாட் இருக்கிற சின்ன ஃபிரிட்ஜ்ல கம்ப்ரசர் ஓடாமலே நின்னுடும். கீழ்ப்பெட்டி ஏற்கெனவே குளிரா இருக்குதுன்னு அதுக்கு நினைப்பு. மேல ஃப்ரீசர்ல இருக்கிறது இளகிடும். மெக்கானிக்கைக் கூப்பிட வேணாம், ஃபிரிட்ஜ் கெட்டுப்போகல.

குந்தா_சாரல்:

ஹீட்டர் எதற்கு? ஜெர்கின், குல்லா, கம்பளி, வெந்நீர்ப் பை. இங்கே பிறந்தவர்கள் வீட்டில் பத்துக்கு ஒன்றில்கூட ஹீட்டர் பார்க்க முடியாது. கரண்டு பில்தான் ஏறும்.

லவ்டேல்_கொதிகலன்:

உங்களுக்குச் சரி, 70 வயதுக்காரருக்குச் சரியில்லை. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்த அழுத்தம் ஏறும். அவர் படுக்கிற ஒரு அறைக்கு மட்டும் ஆயில் ரேடியேட்டர் ஹீட்டர் போடுங்கள். ஃபேன் ஹீட்டர் போட்டவுடன் சூடு, நிறுத்தியவுடன் குளிர். பழைய வீடுகளில் கூரை 12, 14 அடி உயரம், சூடு எல்லாம் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படிப்பட்ட அறையில் ஹீட்டரைவிடக் கதவடிச் சந்து, ஜன்னல் சந்துகளை அடைப்பதுதான் பலன் தரும். கருங்கல், சிமென்ட் தரைக்குத் தடித்த விரிப்பு.

குந்தா_சாரல்:

ஒரு அறைக்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படிக்கும் எல்லோரும் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன, திரும்பத் திரும்ப. தணல் அடங்கிவிட்டது, புகை இல்லை என்பது காரணமாகாது. தணலாக இருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம். தலைவலி வந்து, தூக்கம் தூக்கமாக வந்து, எழ முடியாமல் போகும். பங்களா வீட்டில் கணப்பு இருந்தால் புகைபோக்கியை மழைக்காலத்துக்கு முன்னால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். காய்ந்த சீகை (வாட்டில்) மர விறகு நன்றாக எரியும், ஈர விறகு புகைபோக்கியில் கரி படியவைக்கும்.

பூஞ்சை_எதிரி:

பணம் எதில் வீணாகும் என்ற கேள்விக்கு என் பதில் பூஞ்சை. ஜூனில் வருகிறீர்கள் என்பதால் முதல் மூன்று மாதத்திலேயே சந்திப்பீர்கள்.

பார்ட்டிகிள் போர்டு அலமாரி இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். அடிப்பாகம் ஊறி உப்பிவிடும். விற்றுவிடுங்கள். ஸ்டீல் பீரோ வரலாம், ஆனால் வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நாலு அங்குலம் தள்ளி, அடியில் கட்டை கொடுத்து வையுங்கள். ரெக்சின், தோல் சோபா ஒரு ஆடி மாதத்தில் பச்சையாகும். பருத்தி மெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வெயில் வந்த நாளெல்லாம் வெளியே போட வேண்டும். பட்டுப்புடவை, தோல் செருப்பு, கேமரா, பையனின் கீபோர்டு எல்லாம் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு. ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் திரும்ப உபயோகிக்கலாம்.

பீரோவுக்குள் 40 வாட் பல்பு எரியவிடும் பழைய வழக்கம் உண்டு. அது குண்டு பல்பின் சூட்டில்தான் வேலை செய்தது, எல்.ஈ.டி. போட்டால் வெளிச்சம் மட்டும் வரும். துணியில் உரசினால் குண்டு பல்பு தீப்பிடிக்கவும் வைக்கும், அதனால் அதையும் சொல்ல மாட்டேன். டீஹியூமிடிஃபையர் ஒன்று வாங்குங்கள். ஹீட்டர் வாங்குவதற்கு முன்பே வாங்குங்கள் என்பேன். ஈரம் குறைந்த அறையில் 14 பாகையும் தாங்கும், ஈர அறையில் 18-ம் நடுக்கும்.

வீட்டுக்குள் துணி காயப்போடுவதுதான் பூஞ்சைக்கு நாமே வைக்கும் விருந்து. ஒரே அறையில் காயப்போட்டு, அந்த அறை ஜன்னலை மட்டும் திறந்து, மற்றக் கதவை மூடுங்கள்.

சிம்ஸ்பார்க்_நடை:

கரண்டு போவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றில் மரக்கிளை லைன்மேல் விழுந்தால் ஒரு பகுதிக்கு நாள் முழுக்க வராது. ஃபைபர் இணைப்பும் அதே கம்பத்தில்தான் போகிறது, இரண்டும் ஒன்றாகப் போகும். வீட்டிலிருந்து வேலை என்றால் இரண்டு வேறு நிறுவனத்தின் சிம் தேவை. வீட்டுக்குள் சிக்னல் வருகிறதா என்று போய் நின்று பாருங்கள், அடுத்த மேட்டுக்கு மறைவில் சுத்தமாக இருக்காது. இன்வெர்ட்டர் பேட்டரி குளிரில் ஐந்தில் ஒரு பங்கு வரை திறன் இழக்கும், அதைச் சேர்த்துக் கணக்கிட்டு வாங்குங்கள்.

பர்லியார்_கொண்டைஊசி:

வண்டிக்கு வருகிறேன்.

பெட்ரோல் கார், டர்போ இல்லை என்றால், ஊட்டி உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சக்தி குறையும். எஞ்சினில் கோளாறு இல்லை, காற்றில் அடர்த்தி இல்லை. ஐந்து பேரும் ஏசியுமாக ஏறும்போது முதல் கியர் தேவைப்பட்டால் வெட்கப்படாதீர்கள்.

ஆபத்து இறங்கும்போதுதான். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகி, கருகிய வாடை வந்து, பிறகு பெடல் இருக்கும், பிடி இருக்காது. வாடை வந்தால் உடனே அகலமான இடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் எல் அல்லது மேனுவல் நிலையில் போடுங்கள். நியூட்ரலில் இறக்கிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஸ்கூட்டர்தான் எனக்குக் கவலை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டுவிட்டால் வேகம் குறையும்போது கிளட்ச் கழன்றுவிடும், எஞ்சின் பிடி துளியும் இருக்காது, முழுப் பாரமும் பிரேக்கில். ஊருக்குள் ஓட்டலாம். மேட்டுப்பாளையத்துக்கு அதில் இறங்காதீர்கள்.

ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவதுதான் முறை. கொண்டை ஊசியில் பஸ் திரும்பும்போது முழு ரோட்டையும் எடுக்கும், வளைவுக்கு வெளியே காத்திருங்கள். மூடுபனியில் லோ பீம்தான், ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர் எதிரே வந்து நிற்கும். நிறுத்தும்போது கியரில் விட்டு, சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, பின்னால் கட்டை வையுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதை 36 கொண்டை ஊசி. வெளி மாவட்டப் பதிவெண் வண்டிகளை அதில் இறங்க விடுவதில்லை, உங்கள் சென்னை எண்ணும் அதில் அடங்கும்.

மைசூர் போக நினைத்தால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும்.

வேளச்சேரி_வாசி:

இ-பாஸ் எங்களுக்கும் வேண்டுமா? ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டுமா?

பர்லியார்_கொண்டைஊசி:

வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதிதான் இ-பாஸ், 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. நீலகிரியின் டி.என். 43 பதிவெண்ணுக்கும் அரசுப் பேருந்துக்கும் தேவையில்லை. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று உச்சவரம்பும் வைக்கிறார்கள். 2025-ல் அது வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று இருந்தது.

உங்கள் சிக்கல் வேறு. ஆர்.சி.யில் முகவரியை ஊட்டிக்கு மாற்றினாலும் பதிவெண் மாறாது, சோதனைச் சாவடியில் பலகையைப் பார்த்துத்தான் நிறுத்துவார்கள். குடிவந்ததும் வாடகை ஒப்பந்தம், ஆதார் முகவரி மாற்றம், ஆர்.சி. மூன்றையும் எடுத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உள்ளூர்வாசிக்கான பாஸ் கேளுங்கள். உங்களைப் பார்க்க வரும் உறவினர்கள் எப்போதும்போல் எடுக்கத்தான் வேண்டும். அவர்களிடம் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள்.

சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவது வழக்கம். மழையில் குன்னூர் சாலை அடைபட்டாலும் கோத்தகிரி வழிதான். பலாப்பழக் காலத்தில் பர்லியாரிலும் குஞ்சப்பனையிலும் யானை ரோட்டுக்கு வரும். நின்றால் நில்லுங்கள், ஹாரன் வேண்டாம்.

வார்டு_நர்சக்கா:

மாமியாரைப் பத்தி. 2,240 மீட்டர்ங்கிறது பெரிய உயர நோய் வர்ற அளவு இல்ல. முதல் வாரம் படி ஏறினா மூச்சு வாங்கும், சிலருக்குத் தலைவலி, தூக்கக் கெடுதி, தானா சரியாகும். இதய நோய், நுரையீரல் நோய் இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடியே அங்க பாக்குற டாக்டர்கிட்ட உயரத்தைச் சொல்லிக் கேளுங்க. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டா வந்த ரெண்டாவது வாரம் ஒருக்கா, முதல் குளிர்காலத்துல ஒருக்கா சோதிச்சுப் பாருங்க, அளவு மாத்த வேண்டி வரலாம்.

இங்க பெரியவங்களைப் படுக்க வைக்கிறது பெரும்பாலும் கீழே விழுறதுதான். மழைக்காலத்துல படியெல்லாம் பாசி. கைப்பிடி இல்லாத படிக்குக் கைப்பிடி போடச் சொல்லுங்க, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ங்க. விடியக்காலையில குளிக்க வேணாம், வெயில் வந்தப்புறம் போதும்.

ஊட்டியில 2025 ஏப்ரல்ல 700 படுக்கையோட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தாங்க. முன்னெல்லாம் எதுக்கெடுத்தாலும் கோயம்புத்தூர். இப்பவும் சில சிக்கலான சிகிச்சைக்கு அங்கதான் போகணும், மூணு மணி நேரம், மழை நாள்ல கூடவே. தினசரி மாத்திரை ஒரு மாசத்துக்குக் கையிருப்பு வைங்க. பையனுக்குக் குளிரா இருக்கேன்னு வெயிலை லேசா நினைக்காதீங்க. உயரத்துல புற ஊதாக் கதிர் அதிகம், விளையாடிட்டு வந்தா முகம் கறுத்துத் தோல் உரியும்.

கோத்தகிரி_தோட்டம்:

விலங்குகளைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் காட்டெருமை வாசலுக்கு வரும். மாடு மாதிரி சாதுவாக நிற்கும், ஒரு டன் எடை. படம் எடுக்கப் போகாதீர்கள், கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் போகவே போகாதீர்கள். அது வழியில் நின்றால் அது போகும்வரை காத்திருப்பதுதான் வழி.

கரடி எண்ணெய்க்கும் வெல்லத்துக்கும் வரும். கோயிலில் விளக்கில் உள்ள எண்ணெயைக் குடிக்கக் கதவை உடைக்கும். இரவில் குப்பைத்தொட்டியை வெளியே வைக்காதீர்கள், சமையல் எண்ணெய் டின்னைத் திண்ணையில் வைக்காதீர்கள். நாய் வளர்த்தால் இரவில் வீட்டுக்குள். முற்றத்தில் கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்கு வைத்த சாப்பாடு. குரங்குக்கு ஜன்னல் கம்பி மட்டும் போதாது, வலையும் வேண்டும்.

ஓசூர்_முதலீடு:

வாடகை எதற்கு, இடம் வாங்கிக் கட்டிவிடலாமே? ஐந்து சென்ட் விலைக்கு வருகிறது என்கிறார்கள்.

கேத்தி_பாலாடா:

இழையின் பொருள் அதுவல்ல, இருந்தாலும் சுருக்கமாக. விலைக்கு வருவதும் கட்ட முடிவதும் இங்கே வெவ்வேறு. மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் வரம்பு. மண் வெட்டும் இயந்திரத்துக்குத் தனி அனுமதி. சொந்த நிலத்து மரத்தை வெட்டவே 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கூடலூர் பக்கம் மலிவாகக் கிடைத்தால் அது செக்‌ஷன் 17 நிலமா என்று கேளுங்கள், 1969 ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் உரிமை யாருக்கு என்று இன்னும் தீராத நிலம், பட்டா கிடைக்காது. விவசாய நிலத்தைப் பிரித்து விற்கும் ஐந்து சென்ட்டுக்குக் கட்டட அனுமதி வராமல் போகலாம், கட்டியபின் சீல் வைப்பார்கள். 2024 பிப்ரவரியில் லவ்டேல் அருகே கட்டுமான வேலையில் கட்டடம் சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். சரிவில் மண் தோண்டுவது சமவெளியில் அஸ்திவாரம் எடுப்பது மாதிரி இல்லை. ஒரு முழு வருடம் வாடகைக்கு இருந்து, இரண்டு மழையையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

வேளச்சேரி_வாசி:

எல்லோருக்கும் நன்றி. மே கடைசியில் வருவதாக இருந்தோம், ஜூன் நடுவில் ஒரு மழை நாளாகப் பார்த்து வீடு தேடப்போகிறோம். கடைசிக் கேள்வி: சாமானை எப்படி ஏற்றுவது? பேக்கர்ஸ்காரர் 20 அடி கன்டெய்னர் லாரி என்கிறார்.

பர்லியார்_கொண்டைஊசி:

ஊட்டி, குன்னூர் மெயின் ரோடுவரை அது வரும். உங்கள் தெருவுக்குள் திரும்பாது. வீட்டு வாசலுக்கு என்று பேசியிருந்தாலும் வந்த இடத்தில் இறக்கிவிட்டு, அங்கிருந்து சின்ன வண்டிக்கும் சுமைக்கும் தனியாகக் கேட்பார்கள். தெருவின் அகலத்தையும் கடைசி வளைவையும் வீடியோ எடுத்து முன்பே அனுப்புங்கள். 14 அடி வண்டி இரண்டு தடவை வந்தாலும் மொத்தச் செலவு குறையலாம். படி எத்தனை என்பதையும் எழுத்தில் கொடுத்துக் கூலியைச் சேர்த்தே பேசுங்கள்.

லாரிக்கும் இ-பாஸ் வேண்டும், அவர் எடுத்துவிட்டாரா என்று முந்தைய நாளே கேளுங்கள். மதியத்துக்கு முன் மேட்டுப்பாளையம் தாண்டினால் வெளிச்சத்திலேயே இறக்கிவிடலாம். மெத்தையையும் அட்டைப்பெட்டிகளையும் தார்ப்பாய்க்குள் வைத்தால் போதாது, தனித்தனியாகப் பாலித்தீன் உறை போடச் சொல்லுங்கள். வந்தவுடன் அந்த உறையைக் கழற்றிவிடுங்கள், உள்ளே வேர்த்துவிடும். பருவமழை சமயம் என்பதால் கிளம்பும் காலையில் மாவட்ட அவசர எண் 1077-ல் சாலை திறந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

டைகர்ஹில்_குழாயடி:

சாமான் இறங்குற அன்னைக்குக் குழாயில தண்ணி வர்ற நாளான்னும் பாத்துக்கங்க அக்கா. இல்லன்னா முதல் நாளே பக்கத்து வீட்டுல குடம் கேக்கணும்.